கூரையில் நான்கு ஓட்டைகள்

இந்தக் கட்டுரையில் ஆண்டோ திகதியோ வராது. காரின் உரிமையாளர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். திகதிகளைப் போட்டால் இது எந்தக் கார் என்று விஷயம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் வந்து நின்று படமெடுப்பார்களாம். திகதி இல்லாமல் எழுதுவது எனக்கு உப்பில்லாமல் கறி வைப்பது மாதிரி. என் கலியாணப் படங்களின் பின்பக்கத்தில் நாளும் நேரமும் எழுதி வைத்திருப்பவன் நான். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "அண்டைக்கு மழையோ வெயிலோ எண்டும் எழுதியிருக்கலாமே" என்றாள். எழுதியிருக்கிறேன். அது அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

பகலில் ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு பொதி நிலையத்தில் வேலை. மிச்ச நேரத்தில் பழைய பந்தயக் கார்களின் வரலாற்றை எழுதுகிறேன். அதிலும் இரவு பகலாக ஓடும் நீண்ட பந்தயங்களுக்கென்று கட்டப்பட்ட கார்களைத்தான் எழுதுவேன். ஒரு கார் எங்கே ஓடியது, யார் ஓட்டினார்கள், எந்தச் சுற்றில் நின்றது, பிறகு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையெல்லாம் தேடுவேன். எங்கள் ஆட்களுக்கு இது விளங்குவதில்லை. "உங்களிட்ட என்ன கார் நிக்குது, அண்ணை?" என்று கேட்பார்கள். என்னிடம் கார் இல்லை. ட்ராமில் போகிறேன்.

ரைன் நதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரின் காரைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். அறுபதுகளின் முடிவில் ரைன்லாந்தின் ஒரு சிறிய பட்டறை கட்டிய இரண்டு இருக்கைக் கார் அது. கூரை என் இடுப்பு உயரம்தான் வரும். பெரிய பந்தயங்கள் இரண்டில் ஓடியிருக்கிறது. முதலாவதில் விடியும் நேரத்தில் கியர்பெட்டி உடைந்து நின்றுவிட்டது. இரண்டாவது ஐஃபல் மலைக்காட்டு ஓடுபாதையில். அங்கே ஒரு வளைவில் பயணிப் பக்கக் கதவு கழன்று காட்டுக்குள் போய் விழுந்தது. மெக்கானிக்குகள் அதைத் தேடி எடுத்து வந்து, நசுங்கிய அடிப்பகுதியில் அலுமினியத் தகடொன்றை வைத்து ரிவெட் ஆணி அடித்துத் திரும்பவும் மாட்டினார்கள். அவசரத்தில் அடித்ததால் ரிவெட் வரிசை குடிகாரன் நடந்த மாதிரிக் கோணல். அந்தக் கதவோடு கார் கடைசிக்குச் சற்று முன்னால் வந்து பந்தயத்தை முடித்தது. அப்போதைய பத்திரிகைப் படமொன்றில் கோணல் ரிவெட்டுகள் தெளிவாகத் தெரிகின்றன.

பிறகு பந்தயக் குழு கலைந்தது, கார் காணாமல் போனது. நெதர்லாந்து எல்லைப் பக்கம் இறந்துபோன ஒரு விவசாயியின் கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால் இருந்து பல் வைத்தியர் அதைக் கண்டெடுக்கும்வரை அது எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

காரில் இரண்டு புதிர்கள் இருந்தன. வெள்ளிநிறப் பூச்சுக்குக் கீழே, எந்தப் பந்தயப் படத்திலும் இல்லாத ஒரு வெள்ளைப் பூச்சு இருந்தது. கூரையில் சதுரமாக நான்கு ஓட்டைகள் இருந்தன. இரவில் காரை அடையாளம் காட்டும் விளக்கு பூட்டிய ஓட்டைகள் அவை என்று நான் முடிவு செய்தேன். வரைபடம் போட்டு, ஓட்டைகளின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறித்து, பழைய கார்ப் பிரியர்களின் சஞ்சிகையில் கட்டுரையும் எழுதினேன். பல் வைத்தியர் அதைச் சட்டம் போட்டு கராஜில் மாட்டினார்.

சென்ற வசந்தத்தில் அவர் என்னை அழைத்தார். ஐஃபல் பாதையில் ஒவ்வொரு கோடையிலும் பழைய கார்களுக்கு ஓர் ஓட்டம் நடக்கும். யார் முந்துகிறார்கள் என்பதல்ல அங்கே கணக்கு, ஒவ்வொரு சுற்றையும் ஒரே அளவு நேரத்தில் ஓடி முடிக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒருவர் நேரம் பார்த்துச் சொல்ல உட்காரலாம். அந்த ஓட்டத்துக்காகத்தான் பல ஆண்டுகளாக அவர் இந்தக் காரைத் திருத்தி வந்தார்.

"கண் வைத்தியர் இந்தக் கோடைக்குச் சரி என்கிறார். அடுத்த கோடைக்கு வேண்டாம் என்கிறார்" என்றார்.

ஓட்டத்தின் சரிபார்ப்புக் குழு அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. பழைய உதிரிப் பாகங்களை வைத்துப் புதிதாகக் கட்டிய காரைப் பழையது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாம். பந்தயக் குழு கலைந்ததற்கும் கொட்டகைக்கும் இடையில் கார் யாரிடம் இருந்தது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். கதவின் ரிவெட்டுகளைக் காட்டியபோது, காதில் பென்சில் செருகியிருக்கும் குழுத் தலைவர், "கதவைக் கழற்றி எந்தக் காரிலும் மாட்டலாம்" என்று சொல்லிவிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை கராஜில் காரை மறுபடி அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. தேநீர் குடிக்கும்போது பல் வைத்தியர் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு வந்தார். காரைப் பிரித்தபோது கிடைத்தவை அதில் இருந்தன. ரப்பர் துண்டுகள், ஒரு ஆணி, அப்புறம் பஞ்சுக்கு மேல் தனியாக ஒரு பொருள்.

"என் பொக்கிஷம் இது. பயணி இருக்கைக்குக் கீழே தகட்டு மடிப்பில் கிடந்தது. ஐஃபல் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, தெரியுமல்லவா? கல்லாகிப்போன சிப்பி. பந்தயத்தில் சக்கரம் தெறித்து உள்ளே வந்திருக்கிறது."

விரல் மூட்டளவில், வரிவரியாக, உள்நோக்கிச் சுருண்டிருந்தது. பாதியில் காரில் இருந்த அதே வெள்ளைப் பூச்சு. கையில் எடுத்தேன். கல்லின் கனம் இல்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் பழுப்பு நிறம் தெரிந்தது. வரிகள் சீப்புப் பல்லின் இடைவெளியில் இருந்தன.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் வீட்டில் தகரப் பேணி நிறைய இருக்கும் பொருள் அது. மாவைச் சீப்பின் மேல் வைத்து அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்து, சீனிப்பாகில் போட்டுப் புரட்டி எடுப்பார்கள். நாங்களும் அதைச் சிப்பி என்றுதான் சொல்வோம். ஆனால் அது எண்ணெய்த் தாச்சியிலிருந்து வருவது.

"டொக்டர், இது ஒரு பலகாரம்" என்றேன்.

"என்றால்?"

"தின்பது."

"யார்?"

"நாங்கள்."

அவர் அதை வாங்கி மேசையில் தட்டினார். டொக் டொக் என்றது. "பல்லாலா?" என்று கேட்டார்.

அவருக்கு ஒரு பொக்கிஷம் போய்விட்டது. எனக்கோ ஒன்று கிடைத்தது. பலகாரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு இருக்கிறதென்றால், காருக்கு வெள்ளையடித்தபோது அது உள்ளே இருந்திருக்கிறது. அதாவது, காருக்கு வெள்ளையடித்தது எங்கள் ஆள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே தமிழ்க் கடைக்குப் போனேன். பல ஆண்டுகளாகப் பழைய சஞ்சிகைகளையும் பந்தய முடிவுகளையும் புரட்டிய எனக்கு, அங்கே கேட்கத் தோன்றியதே இல்லை.

"அண்ணை, முந்தி எங்கட ஆக்கள் ஆரிட்டயாவது ஒரு வெள்ளைப் பந்தயக் கார் நிண்டதோ?"

கடைக்கார அண்ணை வாய் திறக்குமுன் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா சொன்னார். "அது அன்னக் கார் எல்லோ! மண்டபச் சோடினை அண்ணையின்ர மகளின்ர முதல் நன்மைக்கு வந்தது."

"வந்தது எண்டு சொல்லேலாது. தள்ளிக்கொண்டு போனது. நானும் தள்ளினனான். இண்டைக்கும் இடுப்புப் பிடிக்குது" என்றார் கடைக்கார அண்ணை.

முதல் நன்மை என்றால் பிள்ளை கோயிலில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். அக்காவின் முருங்கைக்காயை நிறுத்து முடிப்பதற்குள் மண்டபச் சோடினை அண்ணையின் தொலைபேசி இலக்கம் என் கையில் இருந்தது.

அவர் கிரேஃபெல்டில் இருக்கிறார். எங்கள் கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் மணவறையும் பூவும் கதிரையும் கொண்டுபோய்ப் போடுபவர். எழுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் ஏணியில் ஏறுகிறார். காரின் பழைய படத்தை நீட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஓம், இதுதான். கதிரையள் வைக்க ஒரு கராஜ் வாடகைக்கு எடுத்தனான். அந்தக் கராஜ்காரக் கிழவன்தான் முந்திக் கார் ஓட்டக் குழு வைச்சிருந்தவராம். மகனோட போய் இருக்கப்போறன், உள்ளுக்க கிடக்கிறதையும் நீயே எடு எண்டு திறப்பைத் தந்திட்டுப் போட்டார். பாத்தால் இந்தச் சாமான். டிக்கி இல்லை. ஒரு கதிரை ஏத்தேலாது. இதெல்லாம் ஒரு காரே?"

"பிறகு முதல் நன்மைக்கு ஏன் இதை எடுத்தனீங்கள்?"

"அதுக்கு முதல் கிழமை மற்றவை குதிரை வண்டியில பிள்ளையைக் கொண்டந்து இறக்கிப்போட்டினம். நான் ட்ராமில கூட்டிக்கொண்டு போறதோ? உடுப்பு வெள்ளை, அப்ப காரும் வெள்ளை. நானே அடிச்சனான். கோயிலால மண்டபத்துக்கு இதிலதான் போறது எண்டு முடிவு."

"அன்னம்?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "பரிசுத்த ஆவிக்குப் புறாதான் வைக்கோணும். என்னட்டைக் கலியாணத்துக்கு வைக்கிற அன்னம்தான் கிடந்தது. எட்டத்தில நிண்டு பாத்தால் ஆருக்குத் தெரியும்? கூரையில வைச்சுப் பூட்டினன்."

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "எத்தனை இடத்தில பூட்டினனீங்கள்?"

"நாலு."

"எட்டு மில்லிமீட்டர் போல்ட்டோ?"

"ஓம்! அது எப்பிடித் தெரியும்?"

அதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

கொண்டாட்டம் முடிந்து சில மாதங்களில், காரைக் கொடுத்து ஒரு வான் மாற்றிக்கொண்டாராம். வாங்கியவர்தான் அந்தக் கொட்டகை விவசாயி. வெள்ளைக்கு மேல் வெள்ளி பூசியது அவராகத்தான் இருக்க வேண்டும். ஆக இடைவெளி நிறைந்துவிட்டது. ஆதாரம்தான் வேண்டும்.

"வீடியோ கிடக்கு" என்றவர் குரலைத் தாழ்த்திச் சமையலறைப் பக்கம் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "ஆனா மகள் ஓம் எண்டோணும். மண்டப வாசலில கதவைச் சாத்தேக்க அவவின்ர நெட் அதுக்குள்ள அம்பிட்டிட்டுது. தலையில போடுற வெள்ளை நெட். பிள்ளை இறங்கேலாமல் நிக்குது, சனமெல்லாம் சிரிக்குது, வீடியோக்காரன் கிட்டப் போய் எடுக்கிறான். பிறகு ஒவ்வொரு கொண்டாட்டத்திலயும் அதைத்தான் போட்டுப் பாக்கிறது. அவ வளந்தாப்பிறகு எரியுங்கோ எண்டா. எரிச்சிட்டன் எண்டு சொன்னனான்."

மகள் இப்போது டுசல்டோர்ஃபில் சட்டத்தரணி. வீட்டில் வைத்துக் கதைக்க அண்ணைக்குத் துணிவு வரவில்லை. அதனால் அவருடைய அலுவலகத்தில் தெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம்.

மகள் எங்களைப் பார்த்ததும் பேனையை மூடி வைத்தார். "அப்பா, நீங்கள் தெர்மின் எடுத்து வாறியள் எண்டால் எங்கயோ பிழை."

"பிழை ஒண்டும் இல்லை, பிள்ளை. அந்த வீடியோ இருக்கெல்லோ…"

"எரிச்சிட்டன் எண்டு சொன்னியள்."

"எரிச்சனான். கொப்பி ஒண்டு கிடந்தது."

"எத்தனை கொப்பி?"

அண்ணை விரல் மடித்தார். "கனடாவில மாமாட்ட ஒண்டு. லண்டனில சித்தியாட்ட ஒண்டு. ஞானத்தகப்பனிட்ட…"

"காணும்."

நான் இடையில் புகுந்து பல் வைத்தியரைப் பற்றிச் சொன்னேன். அவர் திருத்திய ஆண்டுகளைச் சொன்னேன், கண் வைத்தியர் சொன்னதைச் சொன்னேன், இந்தக் கோடைதான் கடைசி என்பதைச் சொன்னேன். மகள் நாட்குறிப்பைத் திறந்து கோடைப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு, "சரி" என்றார். "ஆனா நானும் வருவன். மொழிபெயர்ப்பும் நான்தான். அங்கிள், நீங்கள் அப்பாவுக்குப் பாத்துப் பாத்து மொழிபெயர்ப்பியள்."

குழுவின் கூட்ட அறையில் படம் போட்டார்கள். பென்சில் தலைவரும் அவருடைய இரண்டு சகாக்களும் முன்வரிசையில் குறிப்பேடுகளோடு உட்கார்ந்தார்கள். பல் வைத்தியர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கொண்டாட்ட வீடியோக்கள் எப்படித் தொடங்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. முதலில் ரோஜாப்பூ விரிந்தது, பிறகு பிள்ளையின் படம் நாலாகப் பிரிந்து சுழன்றது, பிறகு கேக், பிறகு சோறு. சோற்றைக் கமரா வெகுநேரம் பார்த்தது. தலைவர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் கார் வந்தது. வெள்ளை வெளேரென்று, கூரையில் அன்னத்தோடு, பின்னால் கோட்டுப் போட்ட ஆறேழு பேர் தள்ள மண்டப வாசலுக்கு ஊர்ந்து வந்தது. தள்ளியவர்களில் கடைக்கார அண்ணையைக் கண்டேன், தலை நிறைய முடி. கதவு திறந்தது, பிள்ளை இறங்கினாள். யாரோ அவசரப்பட்டுக் கதவைச் சாத்த, நெட் அகப்பட்டது. கதவு மறுபடி திறந்தது. கமரா கிட்டப் போனது. ஞானத்தகப்பன் குனிந்து நெட்டை இழுத்தார். கதவடியில் கோணல் ரிவெட்டுகள், ஒன்று விடாமல் அப்படியே. கதவுத் தூணில் பொறித்த, ஒரு காருக்கு ஒன்றேயான அடிச்சட்ட இலக்கமும் திரைக்குள் வந்தது.

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் திரை முழுக்கப் புறாக்களைப் பறக்கவிட்டார். அன்னத்துக்குப் பரிகாரம் போல, ஒரு கூட்டம் புறா. இலக்கத்தின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தே விட்டது.

பல் வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் பென்சிலைக் காதில் செருகினார். "வருந்துகிறேன்" என்று எழும்பப் பார்த்தார்.

"இருங்கள். நல்ல கட்டத்தை இவர்கள் ஒருமுறை மட்டும் காட்டமாட்டார்கள்" என்றார் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அதே கட்டம் மறுபடி வந்தது. இந்த முறை மெதுவாக, வீணை இசையோடு, புறாக்கள் இல்லாமல். கதவு ஓய்வெடுத்து ஓய்வெடுத்துத் திறந்தது. இலக்கம் ஒவ்வோர் எண்ணாக வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று பென்சில்கள் ஒரே நேரத்தில் எழுதின. பல் வைத்தியர் என் கையைப் பிடித்த பிடியில், பல் பிடுங்கும் தொழிலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அறிந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை. திரையில் இளவயது அண்ணை மைக்கைப் பிடித்தார். "உங்கள் எல்லாரையும் சாட்சியா வைச்சுச் சொல்லுறன்" என்றார். "இந்தக் கார் இண்டையில இருந்து என்ர மகளுக்கு!" மண்டபம் கைதட்டியது.

மகள் அதை ஜெர்மனில் நிறுத்தி நிதானமாக மொழிபெயர்த்தார்.

தலைவர் எழுதினார். "ஆக, உரிமையாளர் நீங்கள். நல்லது. பிறகு நீங்கள் யாருக்கு விற்றீர்கள்?"

"நான் ஒருவருக்கும் விற்கவில்லை."

பல் வைத்தியரின் முகம் காரின் பழைய நிறத்துக்கு வந்தது.

"பிள்ளை, அது நான் பகிடிக்குச் சொன்னது" என்றார் அண்ணை.

"மைக்கில சொன்னனீங்கள், அப்பா. சாட்சி வைச்சுச் சொன்னனீங்கள். பிறகு என்ர காரைக் குடுத்துக் கதிரை ஏத்துற வான் வாங்கினனீங்கள். எனக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்களே?"

"அப்ப உனக்கு லைசன்ஸ் இல்லைத்தானே?"

"ஒன்பது வயசில ஆரிட்ட அப்பா லைசன்ஸ் இருக்கும்?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பல் வைத்தியரின் பக்கம் திரும்பினார். அன்று நடந்த கைமாற்றத்தை இன்று ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போடத் தயார் என்றார். ஒரு நிபந்தனை. அந்தக் காரில் இருந்து அவர் மண்டப வாசலில் ஒருமுறை இறங்கியிருக்கிறார், ஓடும்போது அதில் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டத்தில் பக்கத்து இருக்கை தனக்கு வேண்டும்.

"நேரம் பார்த்துச் சொல்லத் தெரியுமா?" என்று கேட்டார் பல் வைத்தியர். அப்போதும் அவர் ஓட்டக்காரர்தான்.

"நான் சட்டத்தரணி. நிமிடம் பார்க்காமல் நாங்கள் மூச்சும் விடமாட்டோம்."

உரிமை வரலாற்றை நான் திருத்தி எழுதினேன். பந்தயக் குழு, மண்டபச் சோடினைக்காரர், பிறகு 'பள்ளி மாணவி'. மகள் அந்த வரியை இரண்டு முறை வாசித்துச் சரி பார்த்தார்.

கோடையில், ஓட்ட நாளன்று ஐஃபலில் வழக்கம்போல் தூறல். பக்கத்தில் அதே வகைக் காரொன்று நின்றது. அசல் அல்ல, ஒருவர் அளவெடுத்துப் புதிதாகக் கட்டிய நகல். நகல்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. அதன் கூரையில் சதுரமாக நான்கு ஓட்டைகள் இருந்தன. சஞ்சிகையில் ஒரு நிபுணர் எழுதியிருந்ததைப் படித்துத் துளைத்ததாக உரிமையாளர் பெருமையோடு சொன்னார். விளக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல் வைத்தியர் அவரைத் தோளில் அணைத்து அப்பால் அழைத்துப் போனார். அன்னத்தின் கதையை அவர் சொல்லத் தொடங்கியது கேட்டது. சிப்பி போன கவலை அவருக்கு எப்போதோ தீர்ந்திருந்தது.

அண்ணை கேவலார் யாத்திரைத் தலத்து மாதாவின் தீர்த்தத்தைப் போத்தலில் கொண்டுவந்து தெளித்தார். பிறகு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"தீர்த்தமும் தெளிச்சு எலுமிச்சையும் வேணுமோ?" என்று கேட்டேன்.

"மாதா பாப்பா. இதுவும் கிடக்கட்டும்."

பென்சில் தலைவர் வந்து குனிந்து பழங்களைப் பார்த்தார். விதிப்புத்தகத்தில் பழத்துக்குத் தடை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் ஓட்ட உடையும் தலைக்கவசமுமாக ஏறினார். பல் வைத்தியர் திறப்பைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார். கார் இருமிவிட்டு ஓய்ந்தது. முறை வரிசையில் முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பல் வைத்தியர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"நான் பாக்கத்தான் வந்தனான். எனக்கு இடுப்பு ஏலாது" என்றார் கடைக்கார அண்ணை. சொல்லும்போதே அவருடைய இரண்டு கையும் காரின் பின்பக்கத்தில் இருந்தன. ஞானத்தகப்பனும் வந்தார், அண்ணையும் வந்தார், நகல்காரரும் வந்தார், நானும் போனேன். தள்ளினோம். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் காதை அடைக்கும் சத்தத்தோடு உயிர் பெற்றது.

"கதவு! பிள்ளை, கதவைப் பார்!" என்று கத்திக்கொண்டு அண்ணை பின்னால் ஓடினார். நல்ல காலம், கார் தொடக்கக் கோட்டில் நின்றது. இருக்கைப் பட்டியின் நுனியொன்று கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மகள் கதவைத் திறந்து அதை உள்ளே இழுத்தார். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார்.

"ஒருத்தரும் வீடியோ எடுக்கக் கூடாது!"

நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். கோணல் ரிவெட்டுக் கதவு அறைந்து மூடியது. கொடி விழுந்தது. பல் வைத்தியர் தன் கடைசிக் கோடையின் முதல் வளைவுக்குள் நுழைந்து மரங்களுக்குள் மறைந்தார்.

ஒரு சுற்றும் தவறாமல் முடித்தார்கள். அவர்கள் திரும்பி வந்து இயந்திரத்தை நிறுத்துவதற்குள், வீடியோவைப் பார்த்துவிட்டுக் கனடாவிலிருந்து மாமா எனக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டார், இந்த முறை அன்னம் ஏன் இல்லை என்று.